புரட்டாசியில் எண்ணிய தூண்டில்கள்

நீங்கள் மூன்று பேரும் போன வாரம் வீட்டுக்கு வந்தபோது, "அக்கா, கேள்வித்தாள் எழுதறதைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நான் காபியும் முறுக்கும் கொடுத்துப் பேச்சை மாற்றி அனுப்பிவிட்டேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் அல்ல. முப்பத்திரண்டு வருட வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரு பெரிய சொதப்பலில் இருந்துதான். அதை நேருக்கு நேர் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதினால் நீங்கள் சிரிப்பது என் கண்ணில் படாது, அதனால் எழுதுகிறேன்.

கணக்கெடுப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் எண்களுக்குப் பயப்படுகிறீர்கள். கூட்டலைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், விடுங்கள். நம்மைக் கவிழ்ப்பது அதற்கு முன்னால் வரும் இரண்டு வரி. யாரை எண்ணப் போகிறோம், எதைச் செலவு என்று சொல்லப் போகிறோம் என்கிற வரையறை. அந்த இரண்டு வரியை நான் ஒரு தட்டு போண்டா ஆறுவதற்குள் எழுதி முடித்தவள்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, கோயமுத்தூரில் ஒரு குளத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு உள்ளே நடைபாதை அமைக்கத் திட்டம் வந்தது. குளத்தின் பெயர் வேண்டாம். அங்கே தூண்டில் போடுகிறவர்கள், கிழக்குக் கரையை மட்டுமாவது திறந்து விடுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பின் அதிகாரி நியாயமாகவே ஒரு கேள்வி கேட்டார். பொழுதுபோக்காக மீன் பிடிக்கிறவர்கள் அங்கே எத்தனை பேர், அதற்காக என்ன செலவு செய்கிறார்கள்? கணிசமான பேர் என்றால் கரையை விடலாம், நாலைந்து பேர் என்றால் வேலி முழுக்க வரும். எண்ணிச் சொல்லும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

அந்தக் கிழக்குக் கரையில் சம்சு பாயின் கடை இருந்தது. பழைய கோயமுத்தூர்த் தெரு ஒன்றில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் அவர். குடையை யாரும் ரிப்பேர் செய்யாத காலம் வந்ததும், குடைக்கம்பிகளை எடுத்துக்கொண்டு குளக்கரைக்கு வந்துவிட்டார். ஒடிந்த தூண்டில் கம்புக்குக் குடைக்கம்பியை முனையாக வைத்துக் கட்டிக் கொடுப்பார். முள், தக்கை, நரம்பு, பிசைந்த மைதா மாவு, தேங்காய்த் தொட்டியில் மண்புழு, கூடவே டீ. வேலி வந்தால் கடை போய்விடும். வாடகைக்கு வேறு இடம் பிடிக்க அவரால் முடியாது. அது கரையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் என்னைவிடப் பதினொரு வயது சின்னவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் மேடம் என்றே எழுதுகிறேன். சின்னவர் என்னைத் தாண்டி மேலே போய்விட்டாரே என்று அந்தக் காலத்தில் எனக்குள் கொஞ்சம் புகைச்சல் இருந்தது. அதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நான் எழுதிய வரையறையை மறக்கவே முடியாது. "பொழுதுபோக்கு மீன்பிடிப்பாளர்: கடந்த ஒரு வாரத்தில், விற்பதற்காக அல்லாமல், இக்குளத்தில் மீன் பிடித்தவர்." எத்தனை அழகாக இருக்கிறது பாருங்கள். ஒரு சொல் கூடுதல் இல்லை, குறைவு இல்லை. மேடத்தின் மேசையில் வைத்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

"குளத்தப் போயிப் பாத்தீங்களா அக்கா?" என்று கேட்டார்.

"எத்தன தடவ பாத்திருக்கறேன் மேடம். பஸ்ஸுல போறப்பெல்லாம் பாக்கறதுதானுங்க" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஆட்கள் நான்கு பேர் கிளம்பினார்கள். இரண்டு வாரம் காலையும் மாலையும் கரையில் நின்று கேட்டார்கள். குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகவும் கேட்டார்கள். தாள்கள் வந்தன, கூட்டினோம். மீன்பிடிப்பாளர் என்று தேறியவர்களைக் கொஞ்சம் பெரிய கார் ஒன்றில் ஏற்றி அனுப்பிவிடலாம். செலவும் அதற்கேற்ப ஒன்றுமே இல்லை. அட்டவணை சுத்தமாக இருந்தது, குழப்பமே இல்லை. வெள்ளிக்கிழமை அந்த அதிகாரி போனில் கேட்டபோது, "நெம்பக் கம்மிதானுங்க சார், திங்கக்கிழமை ரிப்போர்ட் அனுப்பிப்போடறோம்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். யார் சொல்லச் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை. வேலையைச் சட்டென்று முடித்துவிட்ட மிதப்பு, அவ்வளவுதான்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. வருடா வருடம் போவது போலக் காரமடைக்குப் போய்ப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வரும் வழியில் குளக்கரையில் இறங்கினேன். சம்சு பாய் கடை விற்பனை பற்றிய ஒரு கட்டம் மட்டும் எங்கள் தாளில் காலியாக இருந்தது. அதை நிரப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பு.

கடையில் கூட்டமில்லை. பாய் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கம்புக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லி, "யாவாரமெல்லாம் எப்படிங்க பாய்?" என்றேன்.

"இந்த மாசம் இப்படித்தானுங்க அம்மணி. தீவாளி முடிஞ்சு வந்து பாருங்க, நிக்க எடமிருக்காது."

"அதென்னங்க இந்த மாசத்துக்கு?"

அவர் நூலை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் நெற்றியில் நாமக்கோடு. கையில் துளசி. பையில் பிரசாதம்.

"ஏனுங் அம்மணி, கையில துளசிய வெச்சுட்டு எங்கிட்டக் கேக்கறீங்களே!"

எனக்கு ஒரு நிமிடம் புரியவே இல்லை. அப்புறம் புரிந்தது. என் வீட்டில் மூன்று வாரமாகக் கறியும் இல்லை, மீனும் இல்லை, முட்டை கூட இல்லை. மீன் சட்டியைக் கழுவி அட்டத்தில் ஏற்றி வைத்ததே நான்தான். ஊரில் பாதி வீடு அப்படித்தான் இருக்கும் என்பது சமையலறையில் நிற்கும்போது எனக்கு நன்றாகத் தெரியும். அலுவலகத்தில் பேனாவை எடுத்தபோது அது சுத்தமாக மறந்துவிட்டது. புரட்டாசி மாதத்தில் வீட்டு வாசலில் நின்று, கடந்த ஒரு வாரத்தில் மீன் பிடித்தீர்களா என்று கேட்கச் சொல்லி ஆட்களை அனுப்பியிருக்கிறேன்.

பாய் விடவில்லை. "நோம்பு மாசத்துல எங்க தெரு ஓட்டல்ல மத்தியானம் வந்து உக்காந்து, எத்தன பேரு சாப்பிடறாங்கன்னு எண்ணுவீங்களா? எண்ணிப்போட்டு, இந்தத் தெரு ஆளுக சோறே திங்கறதில்லைன்னு எழுதுவீங்களா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அதுதான் அதிகம் சுட்டது.

கரையில் அப்போதும் ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். லேத் பட்டறையில் வேலை செய்யும் பழனிசாமி என்று பாய் சொன்னார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு ஜிலேபி மீனைத் தூக்கினார். வாயிலிருந்து முள்ளைப் பதனமாகக் கழற்றி, மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, மறுபடி மாவை உருட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் போய், எங்கள் ஆட்கள் அவரிடம் கேட்டார்களா என்று விசாரித்தேன்.

"கேட்டாங்களே. மீன் புடிச்சீங்களான்னாங்க. இல்லீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"இப்பத்தானுங்களே ஒன்னு புடிச்சீங்க!"

"சட்டிக்குப் போனாத்தானுங்க புடிச்ச கணக்கு. இது சும்மா உக்காந்திருக்கறதுங்க. பெருமாள் மாசத்துல ஊட்டுக்குக் கொண்டுபோனா உள்ளயே உட மாட்டாங்க. அதுக்கோசரம் லீவு நாள்ல டிவி பாத்துட்டே கெடக்க முடியுங்களா?"

ஆக, வராதவர்களையும் விட்டுவிட்டேன், வந்து உட்கார்ந்திருந்தவர்களையும் விட்டுவிட்டேன். அந்த அழகான வரையறை இரண்டு பக்கமும் ஓட்டையாக இருந்தது. பாய் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "ரிப்போர்ட்டு போயிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

இனிதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் என்ன செய்தேன் தெரியுமா? அட்டவணையைத் திருத்தினேன். மற்ற மாதங்களில் நாலு மடங்கு கூட்டம் வரும் என்று பாய் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் நாலால் பெருக்கினேன். அடியில் "பருவகாலத் திருத்தம்" என்று ஒரு குறிப்பு போட்டேன். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது, படித்தவர்கள் போட்ட கணக்கு மாதிரியே இருந்தது. ஒரு மனுஷனின் பிழைப்பைக் காப்பாற்றுகிறோம், என் தப்பும் வெளியே தெரியாது. இரண்டு நல்ல காரியம் ஒன்றாக நடக்கிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் மேடத்திடம் கொடுத்தேன். அவர் நாலாம் பத்தியில் விரலை வைத்தார்.

"இந்த நாலு மடங்கு எங்கிருந்து வந்துச்சுங்க அக்கா?"

"கரையில கடை வெச்சிருக்கறவரு சொன்னாருங்க மேடம்."

"கடை போகக்கூடாதுன்னு நெனைக்கறவரு சொன்னத நாம எண்ணுனோம்னு எழுதலாமுங்களா?"

அவர் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

சொன்னேன். துளசி, நோம்பு மாதத்து ஓட்டல், பழனிசாமி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அந்த வயதில் அலுவலகத்தில் அழுவது எத்தனை அவமானம் என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "மொதல்ல பண்ணுனது தெரியாமப் பண்ணுனதுங்க. இது தெரிஞ்சே பண்றது" என்றார். சொல்லிவிட்டுப் போனை எடுத்து, என் கண்முன்னாலேயே அந்த அதிகாரிக்குப் பேசினார்.

"சார், எங்க வரையறையில தப்பு. இந்தக் கணக்கு செல்லாதுங்க. மறுபடி எடுக்கோணும், டைம் வேணுங்க."

எதிர்ப்பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது. "வெள்ளிக்கெழமை உங்க ஆபீஸ்லயே நெம்பக் கம்மின்னு சொன்னாங்களே! நான் மேல சொல்லிட்டனுங்க!"

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் போனில் உளறியது அவருக்குத் தெரியாது. அந்த நொடியில் அவர், 'அது சரோஜா அக்கா தானாகச் சொன்னது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது உண்மைதான், நான் குறை சொல்லவும் முடியாது.

"ஆமாங்க சார். நாங்க சொன்னது தப்புங்க" என்றார்.

கார்த்திகை இரண்டாம் வாரம்வரை தருகிறேன், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று சொல்லிவிட்டு அதிகாரி போனை வைத்தார். என்னால் தாங்க முடியவில்லை. "எதுக்கு மேடம் எங்க தப்புன்னு சொன்னீங்க? என்ற ஒருத்தி தப்புதானுங்களே" என்றேன்.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "நானும் வெரதந்தானுங்க அக்கா. காலையில துளசித் தண்ணி குடிச்சுப்போட்டு வந்து அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டவ நானு."

அன்றோடு என் புகைச்சல் அணைந்தது. வயதில் சின்னவர் ஒருவருக்குக் கீழே வேலை செய்ததை என் பாக்கியம் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். 'நாங்க' என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை. உங்களுக்கு இதை எழுதுவது அதில் கொஞ்சம்.

தீபாவளி முடிந்ததும் நாங்கள் இருவரும் பாய் கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். பாய் சொன்னது பொய்யில்லை, நிற்க இடமில்லை. வரையறையை அங்கேயே எழுதி, கரையில் இருந்தவர்களிடமே படித்துக் காட்டினோம். அவர்கள் முகம் சுளித்த இடத்தில் அடித்துத் திருத்தினோம். கடைசியில் நின்றது இது: கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒரு தடவையாவது, விற்பதற்காக அல்லாமல், இக்குளத்தில் தூண்டில் போட்டவர், மீன் கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும், கொண்டுபோயிருந்தாலும் திரும்ப விட்டிருந்தாலும். பழையது போல அழகாக இல்லை. வால் நீளம். ஆனால் பழனிசாமி அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நானும் உண்டுங்களா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வருடத்தை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று பயந்தோம். தேதி கேட்காமல், ஆடி நோம்பிக்கு முன்னயா பின்னயா, தைப்பூசத்துக்கு அப்புறமா என்று கேட்டதும் கடகடவென்று வந்தது.

செலவுதான் படுத்தி எடுத்தது. ஒரு வீட்டில் புருஷன், "என்ன பெரிய செலவுங்க, மைதா மாவுதான்" என்றார். உள்ளேயிருந்து மனைவி வந்தார். "பரண்மேல கறுப்புப் பையில மூனு கம்பு இருக்குதே, அதெல்லாம் மானத்துலருந்து உழுந்துதுங்களா?" அவர் அசராமல், "அது சிநேகிதனோடது அம்மணி" என்றார். நாங்கள் தெருமுனை திரும்பும்போது மூச்சிரைக்க ஓடிவந்து, மூன்று கம்பின் விலையையும் காதோடு சொல்லிவிட்டுப் போனார். செலவுக் கேள்வியைத் தனியாகக் கேட்கவும் என்று அன்று மாலையே குறிப்பில் சேர்த்தோம். குடும்பத்தோடு வந்து, கோயிலுக்கும் போய், மீனும் பிடித்துப் போகிறவர்களிடம் எதைச் செலவு என்று எழுதுவது? மேடம் ஒரே கேள்வியில் முடித்தார். இன்றைக்குத் தூண்டில் இல்லையென்றால் இந்தக் காசு போயிருக்குமா? போயிருக்காது என்று அவர்கள் சொன்னால் எழுதினோம், போயிருக்கும் என்றால் விட்டுவிட்டோம்.

புதிய கணக்கில் ஆட்கள் பெருகிவிட்டார்கள். நான் நாலால் பெருக்கி எழுதியதும் தப்பு என்று தெரிந்தது. உண்மை அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, வேறொரு இடத்தில் இருந்தது. கரையை விடப் போதுமான அளவா என்பதை அந்த அதிகாரிதான் சொல்ல வேண்டும்.

கார்த்திகை இரண்டாம் வாரம் கூட்டம். அதிகாரி கறுப்பு வேட்டியும் கழுத்தில் ஐயப்ப மாலையுமாக உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு மேசையில் போட்டார்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி ஆளே இல்லைன்னீங்க. இப்ப இத்தன பேருங்கறீங்க. மீனு குஞ்சு பொரிக்கும், செரி. ஆளுமா குஞ்சு பொரிக்கும்? கடைக்காரரு வந்து ஏதாச்சும் பேசுனாருங்களா?"

மேடத்தின் முகம் சிவந்தது. முதல் கணக்கு, இரண்டாம் கணக்கு, நான் எழுதிய பழைய வரையறை, புதிய வரையறை, எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. அதிகாரி பார்த்தார், ஆனாலும் நம்பவில்லை. என்னை யாரும் பேசச் சொல்லவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கமும் எனக்கில்லை.

"சாமி, ஒன்னு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றேன்.

"கேளுங்க சாமி."

"நீங்க மீன் சாப்பிடுவீங்களா?"

"மாலை போடறதுக்கு முந்தின நாளு வரைக்கும் சாப்பிட்டனுங்க."

"இன்னிக்கு உங்க ஊட்டுக்கு வந்து, இந்த வாரம் மீன் சாப்பிட்டீங்களான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? நான் அத வெச்சு, இவரு மீனே தொடாதவருன்னு எழுதிப்போட்டு வந்தனுங்க. புரட்டாசியில ஊரு பூராம் அப்படித்தான் எழுதுனேன். தப்பு என்னோடது, கடைக்காரரு மேல ஏதுமில்லீங்க."

அவர் கை தானாகப் போய் மாலையைத் தொட்டது. பிறகு பழைய வரையறையை எடுத்து மறுபடி படித்தார். "தப்ப வெளிய எடுத்து வெச்சுட்டுத்தான் கேக்கறீங்க" என்றார் மேடத்திடம். கிழக்குக் கரையை முழுக்கத் திறந்து விடுவதென்றும், மேற்குப் பக்கம் மட்டும் வேலி என்றும் அன்றே எழுதினார்கள்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேராகக் கரைக்குப் போனோம். பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான்தான் சொன்னேன், "பாய், கடை இருக்குதுங்க. வேலி இந்தப் பக்கம் வரலீங்க."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேலி வருதுன்னு ஆடியில நோட்டீசு ஒட்டுனாங்க அம்மணி. இந்த நாலு மாசமா ஊட்ல சொல்லவே இல்லீங்க. என்னன்னு சொல்றது?" என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கடை போக இருந்தது, இப்போது போகவில்லை என்று மனைவியிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. நாலு மாசம் என்னிடம் மறைத்தீர்களா, நான் என்ன செத்தா போய்விட்டேன், ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டபோது வயித்து வலி என்று சொன்னீர்களே என்று அந்த அம்மா விட்ட டோஸ் கரை முழுக்கக் கேட்டது. பழனிசாமி கம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பாய் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, எங்களைப் பார்த்துச் சிரித்தார். மேடமே உள்ளே போய் டீயை ஊற்றி எடுத்து வந்தார். அந்தத் திட்டு முடிகிறவரை நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தோம். வேலைக்காக எனக்குச் சால்வை போட்டிருக்கிறார்கள், சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். நான் பத்திரமாக வைத்திருப்பது அந்தத் திட்டைத்தான்.